திரைக்குப் பின்னால் போன வயர்

அரியலூரில் அந்தக் காலத்தில் சொந்தமாகக் கீபோர்டு வைத்திருந்த ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், எதற்குப் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையைத் தவிர அந்தப் பெட்டியால் எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை. அதுவும் கடைசிவரை நிற்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சிமெண்டு ஆலை ஒன்றில் எனக்கு ஸ்டோர் கிளார்க் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் புருவம் முதற்கொண்டு சாம்பல் பூத்திருக்கும். குளித்துவிட்டு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சே சீராகும். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. பஜனை மடத்தில் ஒருவர் வாசிப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த கை. ரேடியோவில் ஒரு பாட்டை நாலைந்து தடவை கேட்டேன் என்றால் வாசித்துவிடுவேன். எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: நான் வாசிப்பது நாலு பேர் காதில் விழ வேண்டும். வீட்டுக்குள் இருக்கிற நாலு பேர் இல்லை, தெருவில் போகிற நாலு பேர்.

அந்த ஆசைக்குத் தீனி போட்டவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடையைவிடப் பாட்டில்தான் அவருக்குக் கவனம். நல்ல கணீர்க் குரல். அதை இன்றைக்கும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலைந்து பேரைச் சேர்த்து ஓர் ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். அவர் பாடுவார். அவர் கடையிலேயே வேலை பார்த்த ஒருவர் கிடார் வாசிப்பார். தபலாவும் டிரம்மும் உண்டு. நான் ஆர்மோனியம். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று அரும்பாவூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

பிறகு திருச்சியிலிருந்து வந்த குழுக்கள் கீபோர்டோடு வர ஆரம்பித்தன. எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு நாள் மச்சான் வீட்டுக்கு வந்து காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஆர்மோனியத்தப் பாத்தாலே பஜனக் கோஷ்டின்னு நெனைக்கிறாங்க மாப்ள. இனிமே கீபோர்டு இருந்தாத்தான் பொழப்பு. நீ ஒண்ணு வாங்கிடு. வாசிக்கிறதுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?”

ஒன்ன விட்டா யாரு இருக்கா. அந்த ஒரு வார்த்தை போதாதா? உச்சி குளிர்ந்துபோய், போனஸ் வந்த கையோடு அவரையும் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கு ரயில் ஏறினேன்.

பர்மா பஜாரில் ஒரு கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று கறுப்பு. அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கட்டைகள் ஆர்மோனியக் கட்டை அளவுக்கு அகலம். விரலை வைத்ததும் பழகிய இடத்துக்கு வந்தது போல் இருந்தது. இன்னொன்று வெள்ளிக் கலர். கட்டைகள் குட்டி குட்டி, பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி. ஆனால் மேலே வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் தாளம் தானாக ஓடும், கூடவே சிவப்பு விளக்குகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். மச்சான் அந்த விளக்கைப் பார்த்தவர் பார்த்தவர்தான்.

“இதயே எடுத்துக்க மாப்ள.”

“கட்டை ரொம்பச் சின்னதா இருக்கு மச்சான். எனக்கு ஒரு வெரல் வச்சா ரெண்டு கட்டை அமுங்குது.”

“கூட்டத்துல ஒக்காந்திருக்கறவன் கட்டையவா பாக்கப் போறான்? லைட்டத்தான் பாப்பான். கை நம்ம கைதானே, நாலு நாள்ல பழகிட்டுப் போவுது.”

வாசிக்கப்போகிறவன் நான், தேர்ந்தெடுத்தது அவர். கறுப்புப் பெட்டியைக் கடைக்காரர் திரும்ப மேலே ஏற்றி வைத்தபோதே எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே அரியலூர் வந்து இறங்கினேன்.

வாங்கிய வாரத்து வெள்ளிக்கிழமையே சிறுவாச்சூர் காளி கோயிலுக்கு எடுத்துப் போனோம். அம்மன் சந்நிதியில் வைத்துப் பூஜை போட்டு, மச்சான் தன் கையாலேயே கட்டைகளின் மேல் மூன்று இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார். லாரி வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். யாரும் யோசிப்பதில்லை. சந்தனம் காய்ந்து பொடியாகி உள்ளே இறங்கி, இரண்டு வாரத்தில் மூன்று கட்டைகள் அமுக்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டன.

நானே பெட்டியைத் திறந்தேன். என் மனைவி பதறினாள். “ஏங்க, அவ்வளவு காசு போட்டு வாங்குனத திருப்புளிய வச்சுக் குத்துறீங்களே!” உள்ளே ரப்பர்த் துண்டுகளுக்கு அடியில் அம்மன் பிரசாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து மூடினேன். மூன்றும் எழுந்துவிட்டன. அன்றைக்கு எனக்கு வந்த தெம்பு இருக்கிறதே! இனிமேல் இதில் என்ன கோளாறு வந்தாலும் நானே பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னை நன்றாக அலைக்கழித்தது.

கீபோர்டு வந்த பிறகு எங்களைக் கூப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். நோட்டீசில் மச்சான் பெயருக்கு அடுத்தபடி ‘நவீன கீபோர்டுடன்’ என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். மேடையில் நடுநாயகமாக என் பெட்டி. விளக்குகள் ஓட ஆரம்பித்ததும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூட இலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் கண்ணை மூடி வாசிப்பேன். முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்: “இன்னிக்கு நல்லா இருந்துச்சுங்க. அந்த ரெண்டாவது பாட்டோட ஆரம்பம், கேக்கவே அம்சமா இருந்துச்சு.” அந்த ஆரம்பத்தை நான் இரண்டு வாரம் பழகியிருப்பேன். ஊர் முழுவதும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே நம்பினேன்.

ஒரு நாள் ஆலை கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். லோடு பிரிவில் வேலை பார்ப்பவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின நாள் எங்கள் கச்சேரிக்கு வந்திருக்கிறார்.

“சார், ஒங்க பொட்டி என்ன ஊமையா?”

“ஏன்?”

“நீங்க பாட்டுக்கு அமுக்கு அமுக்குன்னு அமுக்குறீங்க, லைட்டு ஓடுது. சத்தம் ஒண்ணும் வெளிய வரலியே. கிடாரு கேக்குது, டிரம் கேக்குது.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அது எப்படி எனக்குத் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. பின்பக்கத்து ஓட்டையில் வயரைச் செருகி மைக் செட்டுக்குச் சத்தம் கொடுத்தாலும் உள் ஸ்பீக்கர் அடங்காது, என் முகத்துக்கு நேரே பாடிக்கொண்டுதான் இருக்கும். மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர்களையோ தெருவைப் பார்த்துக் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். மேடையில் இருப்பவனுக்குத் தன் பெட்டி கேட்கும், பக்கத்து டிரம் கேட்கும். குழாயில் எது போகிறது, எது போகவில்லை என்று பிரித்துக் கேட்க முடியாது. கீழே இறங்கிப் போய்க் கேட்கலாம் என்றால், வாசிக்கிறவன் எப்படி இறங்கிப் போவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் துணி மடித்துக்கொண்டே, “வயருதான் மாப்ள. நானும் கவனிச்சேன். வயரு சரியில்ல” என்றார். கிடார்க்காரரும் தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். அன்று பிடித்தது சனியன். திருச்சிக்குப் போய் இரைச்சல் வராதபடி உள்ளே கம்பி வலை பின்னிய நல்ல வயராகப் பார்த்து வாங்கி வந்தேன். சால்டர் இரும்பு ஒன்று வாங்கி, இரண்டு முனையிலும் நானே ஜாக் வைத்துப் பற்றவைத்தேன். அடுத்த கச்சேரிக்கு வந்திருந்த அந்த லோடு பிரிவுக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், “இல்ல சார், கேக்கலியே” என்றார். சாயந்திரமானால் எங்கள் பக்கம் கரண்டு அழுது வடியும். விளக்கு மஞ்சளாகி, மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதனால் இருக்குமோ என்று அடாப்டரை விட்டுவிட்டுப் பேட்டரிக் கட்டைகளுக்கு மாறினேன். அவை தீர்ந்து போனால் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவேன். ஒரு பக்கம் கூழ்வடகம், ஒரு பக்கம் பேட்டரிக் கட்டை. காக்கா வடகத்தைத்தான் தூக்கும். பெரம்பலூரில் ரேடியோ ரிப்பேர்க் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தன் கடை ஆம்ப்ளிபயரில் போட்டுப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே கத்துது, எடுத்துட்டுப் போங்க” என்று சிரித்தார். அங்கே கத்துகிறது, மேடையில் கத்தவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

மச்சான் மட்டும் பொறுமையாக எனக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தார். “திருச்சியில எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரு இருக்காரு. ஒரு வாரம் குடு, பாத்துத் தரச் சொல்றேன்” என்று பெட்டியை வாங்கிப் போவார். ஒரு வாரம் என்பது பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். “ஏதோ உள்ளாற பார்ட்ஸ மாத்திருக்காரு மாப்ள, இனிமே பாரு” என்று திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார். இப்படிப் பல தடவை. என் மேல் இத்தனை அக்கறையா என்று நான் உருகிப் போவேன். சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தேன், ஜவுளிக்கடைக்காரருக்கே!

ஒன்று மட்டும் நான் பார்க்கவே இல்லை. மேடையில் பின்திரை தொங்கும். என் வயர் ஜமுக்காளத்துக்கு அடியில் போய்த் திரைக்குப் பின்னால் மறையும். அங்கே மைக் செட்காரரின் ஆம்ப்ளிபயர். மைக் செட்காரரின் பெட்டியில் அடுத்தவன் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த முறை. அவர் அதற்குப் பத்தி கொளுத்திப் பொட்டு வைத்திருப்பார், செருப்போடு கிட்டே போனால் முறைப்பார். எங்களுக்கு எப்போதும் ஒரே மைக் செட்தான், மச்சானே ஏற்பாடு செய்வது. ஆகவே வயரின் இந்த முனை என் பொறுப்பு, அந்த முனை அவர் பொறுப்பு. என் முனையை நான் எத்தனை தடவை பிரித்துப் பற்றவைத்தேன் என்று கணக்கே இல்லை.

அப்படி ஒரு நாள் ஜெயங்கொண்டத்தில் கல்யாண ரிசப்ஷன். மதியமே மேடை போட்டாகிவிட்டது. மைக் செட்காரர் கிடாரைச் செருகிச் சோதித்துவிட்டு, செட்டை அணைக்காமலே சாப்பிடப் போனார். கிடார்க்காரரும் தன் கிடாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு அவர் பின்னாலேயே பந்திக்குப் போனார். மச்சான் இன்னும் வந்து சேரவில்லை. வழக்கம் போல வயரைச் சரிபார்ப்பதற்காக நான் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு முடித்திருந்தேன். மேடையில் நான் ஒருவன்தான்.

ஆலையில் ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் பக்கத்து மோட்டாரின் வயரை இதில் மாட்டிப் பார்ப்பார்கள். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிடாரிலிருந்து வயரைப் பிடுங்கி என் பெட்டியில் செருகினேன். ஒரு கட்டையை அமுக்கினேன்.

மண்டப வாசல் குழாயிலிருந்து ‘பாம்’ என்று ஒரு சத்தம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் “அய்யய்யோ” என்று அலறி எழுந்தார்கள். பயந்துபோய் உடனே கையை எடுத்துவிட்டேன். பெட்டியில் கோளாறு இல்லை. அடுத்து என் வயரைக் கிடாரில் செருகித் தந்தியைத் தட்டினேன். குழாயில் ஒன்றும் இல்லை. சரி, வயர்தான் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்க ஜமுக்காளத்தைத் தூக்கி வயரைக் கையாலேயே தடவிக்கொண்டு போனேன். எங்கேயும் அறுபடவில்லை. திரையை விலக்கிப் பின்னால் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போனேன், அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

நான் பற்றவைத்த ஜாக், பழைய பனியன் துணியில் சுற்றி, ஆம்ப்ளிபயர் வைத்திருந்த பலகைக்கு அடியில் செருகியிருந்தது. எதிலும் மாட்டப்படவில்லை. தூசி படாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கிறார்கள்.

எவ்வளவு நேரம் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மைக் செட்காரர் பல் குத்திக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். அவர் முறைக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“இது என்னங்க?”

“நமக்கென்ன சார் தெரியும். அண்ணன் செருக வேணாம்னாரு. நான் செருகறதில்ல.”

“எப்பலேர்ந்து?”

அவர் பல் குச்சியைப் பார்த்தார். “மொதக் கச்சேரிக்கு மட்டுந்தான் சார் செருகுனேன்.”

அடப்பாவிகளா! அத்தனை ரிசப்ஷன், அத்தனை திருவிழா. விரல் நோக வாசித்த அத்தனையும் என் மூக்குக்கும் பெட்டிக்கும் நடுவிலேயே நின்றுபோயிருக்கிறது. கோபம் வரவில்லை முதலில். வெட்கம்தான் வந்தது. ஊர் முன்னால் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி நான் வாசித்த லட்சணத்தை நினைத்து உடம்பு கூசியது.

மச்சான் வந்ததும் அந்தப் பனியன் துணியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மடித்தார். கிடார்க்காரர் பந்தியிலிருந்து வந்தவர், அப்படியே படியில் நின்றுவிட்டார்.

“இங்க பாரு மாப்ள, தப்பா நெனைக்காத. மொதக் கச்சேரியில நான் ஒரு அடி பாடி முடிக்கிறேன், நீ அப்பத்தான் அந்த அடிக்கு வர்ற. ஒனக்கு அந்தச் சின்னக் கட்டை தோதுப்படல. ஜனங்க சிரிச்சாங்க.”

“சின்னக் கட்டைய எடுக்கச் சொன்னது யாரு?”

“நாந்தான். இல்லேங்கல.”

“எம் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாமே. நீ வேணாம் போடான்னு ஒரு வார்த்த. வயரு வயருன்னு நாய் மாரி அலய வுட்டீங்களே. திருச்சி மெக்கானிக்கு?”

மச்சான் கிடார்க்காரரைப் பார்த்தார். கிடார்க்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்க வூட்லதான் சார் இருந்துச்சு. பழகிக்கச் சொன்னாரு.”

பெட்டியைத் துணியில் கட்டினேன். மச்சான் என் தோளைப் பிடித்தார். “இன்னிக்கு ஒரு நாளு ஒக்காந்துடு மாப்ள. பொண்ணு வூட்டுக்காரங்க கீபோர்டு இருக்குன்னுதான் நம்மளக் கூப்பிட்டாங்க. சும்மா ஒக்காந்தாப் போதும்.” சும்மா உட்கார்ந்தால் போதுமாம். இத்தனை நாளும் அதைத்தானே செய்திருக்கிறேன்! அவர் கையைத் தட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கவனமில்லாமல் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் சொல்லித்தான் இறங்கி அரியலூர் பஸ் மாறினேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். பெரிதாகக் கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “அய்யோ, அண்ணனா அப்படிப் பண்ணுச்சு?” என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. முறத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

“ஒனக்குத் தெரியுமா?”

“அண்ணன் மொதக் கச்சேரி முடிஞ்ச அன்னிக்கே ஒங்கள நிறுத்திடலாம்னுச்சு. நாந்தாங்க வேணாம்னேன். மனசொடிஞ்சு போயிருவீங்க. மேடையில ஒக்காந்திருந்தா யாருக்கு என்ன நட்டம்னேன்.”

“அப்ப ஒவ்வொரு தடவையும் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னியே?”

அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. “கிடாரு நல்லாத்தாங்க இருந்துச்சு” என்றாள்.

நான் பழகிய ஆரம்பங்களையெல்லாம் கிடார்க்காரர் தன் கிடாரில் வாசித்திருக்கிறார். அவள் அதைக் கேட்டு, எனக்குச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள், பொய் சொல்லாமலே என்னை ஏமாற்றியிருக்கிறாள். மச்சான் செய்ததையாவது திட்டித் தீர்க்கலாம். இதை என்ன செய்வது? அன்பில் செய்தாள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த அன்பை நினைத்தாலே எனக்கு எரிந்தது. என் கை அவ்வளவு மோசம் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

அதன் பிறகு நான் மேடை ஏறவில்லை. பெட்டி பரண்மேல் கிடந்தது. கொஞ்ச நாள் கழித்து மச்சான் இனிப்பும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தார். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அவர் என் மனைவியிடம் பேசுவது போல எனக்குக் கேட்கும்படி பேசினார்.

“அரியலூர்லயே கல்யாணம். டேசன் ரோட்டு மண்டபம். நோட்டீசுல கீபோர்டுன்னு போட்டாச்சு. மாப்ள வரலேன்னாப் பரவால்ல. பொட்டிய மட்டுமாவது குடுத்தா...”

பேப்பரைக் கீழே இறக்கினேன். என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “குடுத்துடுங்களேன். சும்மாதானே கெடக்கு” என்றாள். பெட்டியைச் சொன்னாளா, என் வீம்பைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிக் கொடுத்தேன். வயரையும் சுருட்டி மேலே வைத்தேன். “இந்தத் தடவையாச்சும் செருகச் சொல்லுங்க” என்றேன். மச்சான் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போனார்.

ரிசப்ஷனுக்கு என் மனைவி போனாள். அவள் அண்ணன் பாட்டு, போகாமல் இருப்பாளா? நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பிளேடு வாங்குகிற சாக்கில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மண்டபத்துக்கு எதிரே, வெற்றிலைபாக்குக் கடை ஓரமாக நின்றேன். வேப்பமரத்தில் கட்டிய குழாய் நேராக என்னைப் பார்த்தபடி இருந்தது. சாயந்திர ரயிலுக்குப் போகிறவர்கள் கையில் பையோடு கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மச்சான் வணக்கம் சொல்லி முடித்தார். பிறகு என் பெட்டி வந்தது.

ஒரு பாட்டு முழுவதையும் அது குழாயில் பாடி அப்போதுதான் கேட்டேன். வீட்டில் கேட்ட அந்த மூக்கடைத்த சத்தம் இல்லை. தெரு அகலத்துக்கு விரிந்து வந்தது. ஆர்மோனியம் எந்த ஜென்மத்திலும் எழுப்ப முடியாத சத்தம். கிடார்க்காரரின் விரல்கள் அந்தக் குட்டிக் கட்டைகளில் எங்கேயும் தட்டுத் தடுமாறவில்லை. மச்சான் ஓர் அடி முடிக்கும் இடத்தில் சரியாக எடுத்து, சரியாக விட்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தன் பையைத் தரையில் வைத்துவிட்டார், ரயில் போனால் போகட்டும் என்பது போல. நன்றாக இருந்தது. எனக்கே நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயர் பிய்ந்து போகட்டும், ஒரே ஒரு தடவை கரகரவென்று இழுத்து அடங்கட்டும் என்று சைக்கிள் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு சிறுவாச்சூர் அம்மனை வேண்டினேன். நானே உட்கார்ந்து பற்றவைத்த வயர். கடைசிப் பாட்டு வரைக்கும் அதில் சின்ன இரைச்சல்கூட வரவில்லை.